தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

கோலாலம்பூரின் செந்தூலில் அடுக்குமாடி வீடொன்றில் வசிப்பதாகவும் ஓவிய ஆசிரியர் பயிற்சியில் இருப்பதாகவும் சொல்லும் ஒரு தங்கை இங்கே இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். ஓவியத்திலோ கதையிலோ ஜன்னல் வந்தால் விடுதலை என்றும், தனி அறை வந்தால் தனிமை என்றும் வகுப்பில் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அது சரியா? தனக்கென ஓர் அறை வேண்டும் என்ற எண்ணமே 1929இல் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய பிறகு மேற்கிலிருந்து நமக்கு வந்ததுதானா? இவற்றுக்குக் கீழே, போகிற போக்கில் எழுதியதுபோல் இன்னொரு வரியும் இருக்கிறது. இரண்டு தங்கைகளோடும் பாட்டியோடும் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் அவர், ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு வரைய ஆசைப்பட்டால் வீட்டில் அதைச் சுயநலம் என்கிறார்களாம். எனக்குத் தோன்றுவது, உண்மையில் கேட்கப்பட்டது இந்தக் கடைசி வரிதான். முதல் இரண்டு கேள்விகளும் அதற்கு வழிவிட்டு நிற்கின்றன. ஆகவே ஓவியத்துக்கும் நூலுக்கும் போய்விட்டு, மீண்டும் அந்த அறைக்கே வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்; எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே எடைபோட அது உதவும். பினாங்கில், ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைச் சீரமைக்கும் வேலையில் 27 ஆண்டுகளாக இருக்கிறேன். தச்சர்களோடும் சுண்ணாம்பு பூசுகிறவர்களோடும் சாரத்தின்மேல் நின்று கற்றதே என் படிப்பில் பெரும்பகுதி. ஒரு ஜன்னல் எப்படி வேலை செய்கிறது, காற்றும் வெளிச்சமும் பார்வையும் எந்த வழியாக அறைக்குள் வருகின்றன என்பதில் நான் சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். பழந்தமிழ் நூல்களுக்கு நான் ஆசையால் போனவன். ஐரோப்பிய ஓவியங்களைப் பற்றிச் சொல்வது படித்து அறிந்தது. ஒரு குடும்பத்துக்குள் யார் மனத்தில் என்ன இருக்கிறது என்பதில் எனக்கு எந்தத் தனித்தேர்ச்சியும் கிடையாது.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன். நாம் அன்றாடம் சொல்லும் ஜன்னல், போர்த்துகீசிய 'ஜனேலா'விலிருந்து வந்தது. மலாய்க்காரர்கள் 'திங்காப்' என்ற சொல்லோடு கூடவே வழங்கும் 'ஜெண்டெலா'வுக்கும் அதுவே தாய். சாவி போர்த்துகீசியம், அலமாரியும் போர்த்துகீசியம். ஒருவருக்கென ஒதுக்கிய அறைக்கு வேண்டிய ஜன்னல், சாவி, அலமாரி மூன்றுமே கப்பலில் வந்த சொற்களாக இருப்பதைப் பார்த்தால், தனி அறையும் அதே கப்பலில் வந்திறங்கியதுதான் என்று முடிவுகட்டத் தோன்றும். அந்த முடிவு தவறு. பெயர் மாறியதால் பொருளே புதிது என்று ஆகிவிடாது. திறவுகோல் நம்மிடம் இருந்தது, பேழை இருந்தது, ஜன்னலுக்கோ ஒன்றுக்கு மூன்றாகப் பெயர்கள் இருந்தன: சாளரம், பலகணி, காலதர். பலகணி பல கண்களை உடையது. காலதர் என்பதில் கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும்போது, மானின் கண் போன்ற காலதர் உடையவை என்கிறது. அந்த ஒரு தொடருக்குள் காற்றும் கண்ணும் சேர்ந்துவிட்டன. ஜன்னலின் இரண்டு வேலைகளும் அவைதான், காற்றை விடுவது, பார்வையை விடுவது. இரண்டும் ஒரே திறப்பின் வழியாக வரும்போது, ஒன்றை விட்டு மற்றொன்றைத் தடுப்பது எப்படி என்பதே ஜன்னல் செய்கிற தச்சர் காலங்காலமாக எதிர்கொண்டுவரும் சிக்கல்.

அந்தச் சிக்கலை ஜார்ஜ்டவுன் கடைவீடு எப்படித் தீர்த்தது என்று பாருங்கள். முகப்பு பெரும்பாலும் 18 அல்லது 20 அடி. உள்நோக்கிய நீளமோ அதைப்போல் ஐந்து மடங்கு, சில வீடுகளில் அதற்கும் மேல். இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டோடு பொதுச்சுவர்கள் என்பதால் பக்கவாட்டில் ஒரு ஜன்னலும் வைக்க முடியாது. முகப்பு, பின்புறம், நடுவிலுள்ள திறந்த முற்றம் ஆகிய மூன்று வழியாகத்தான் வீடு மூச்சுவிடும். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே போகப் போக, தெருப்பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அதற்காக மேல்மாடி முகப்பு முழுவதையும் மரச்சட்டங்கள் அடுக்கிய லூவர் கதவுகளாகவே செய்தார்கள். சட்டங்கள் எல்லாவற்றையும் நடுவே செங்குத்தாக ஓடும் மெல்லிய மரக்கோல் ஒன்று இணைத்திருக்கும். கோலை ஏற்றி இறக்கினால் சட்டங்கள் ஒன்றாகத் திறக்கும், ஒன்றாக மூடும். வெளிப்புறம் சரிந்த சட்டங்கள் மழையையும் உச்சி வெயிலையும் தடுக்கும், காற்றைத் தடுக்காது. உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவர் உள்ளே பார்க்க முடியாது. இதற்குச் சரிவுதான் காரணம் என்று சுற்றுலா வழிகாட்டிகள்கூடச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது சரியல்ல. ஒளி ஒரு வழியாகப் போனால் அதே வழியாகத் திரும்பியும் வரும், சரிவு இருபக்கத்தாருக்கும் ஒன்றுதான். உண்மையான காரணங்கள் வேறு இரண்டு. பகலில் தெரு பிரகாசமானது, அறை இருண்டது. வெளிச்சத்தில் நிற்பவர் கண்ணுக்கு இருட்டிலிருப்பது புலப்படாது. அதோடு, இடுக்குக்கு அருகில் கண்ணை வைத்தவருக்குத் தெரு முழுவதும் விரிகிறது, தொலைவில் நிற்பவருக்கு அதே இடுக்கு ஒரு கோடாகத்தான் தெரிகிறது. விளக்கேற்றியதும் எல்லாம் தலைகீழாகிவிடும் என்பதால், இந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் அந்தியில் முதலில் சட்டங்களை மூடி, பிறகே விளக்கைப் போட்டார்கள். பிரெஞ்சு மொழியில் இத்தகைய லூவர் ஜன்னலுக்கு 'ஜலூசி' என்று பெயர். அந்தச் சொல்லுக்குப் பொறாமை என்பதே பொருள். பல கடைவீடுகளில் மேல்மாடித் தரையிலும் ஒரு சாண் அகலத்தில் பலகை மூடியோடு ஒரு துளை வைத்திருப்பார்கள். கீழே வாசலில் யார் வந்து நிற்கிறார் என்று மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம், வந்தவருக்குத் தெரியாது.

இனி ஒரு ஜன்னலை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் சூலியா ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு வீட்டில் மேல்மாடிக் கதவுகளைக் கழற்றித் தரையில் கிடத்திச் சாயம் சுரண்டிக்கொண்டிருந்தோம். இடப்பக்கக் கதவில், கீழிருந்து ஏழாவது சட்டத்தின் விளிம்பு மட்டும் மற்றவற்றைப்போல் கூராக இல்லாமல் மழமழவென்று தேய்ந்து, நடுவில் இலேசாகக் குழிந்திருந்தது. தரையில் அமர்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரம் அது. கோலைத் தொடாமல் அந்த ஒரு சட்டத்தை மட்டும் விரலால் நெம்பி நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். அதை இணைக்கும் கொக்கி அதனாலேயே விட்டுப்போயிருந்தது. பல்லாண்டுகள், ஒருவரோ அடுத்தடுத்துச் சிலரோ, அங்கே தரையில் அமர்ந்து தெருவைப் பார்த்திருக்கிறார்கள் என்பது வரை உறுதி. என்னோடு இருந்த தச்சர், "பாவம், வெளியே போகவிடாமல் வைத்திருந்த பெண்பிள்ளையாக இருக்கும்" என்றார். இருக்கலாம். மாலையில் மகன் வீடு திரும்புவதைப் பார்த்திருந்த தாயாகவும் இருக்கலாம், வாடகை வசூலிக்க வருகிறவருக்கு ஒளிந்த ஆணாகவும் இருக்கலாம். மரம் தேய்வைச் சொல்லும், தேய்த்தவரின் மனத்தைச் சொல்லாது. அதே மாடியில் பின்பக்கத்து அறைக் கதவின் தாழ்ப்பாள் வெளிப்புறம் இருந்தது. தச்சர் அதைக் காட்டி, "பார்த்தீர்களா!" என்றார். ஆனால் சரக்கறைக்கும் தாழ்ப்பாள் வெளியில்தான் இருக்கும். அந்த அறையின் உட்சுவரில் துணிமாட்டும் ஆணிகள் இருந்ததையும், தாழ்ப்பாள் பக்கத்து மரத்தில் கைபட்டு எண்ணெய் ஏறியிருந்ததையும் நான் குறித்துக்கொண்டேன். அங்கே மனிதர் உறங்கியிருக்கக்கூடும் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லியே அதை வைக்கிறேன்.

அந்த நாளிலிருந்து எந்தப் பழைய அறைக்குள் நுழைந்தாலும் நான் முதலில் பார்ப்பது தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். உங்கள் முதல் கேள்விக்கான என் பதிலும் அதற்குள் இருக்கிறது. ஜன்னல் தன்னளவில் விடுதலையும் அல்ல, அறை தன்னளவில் தனிமையும் அல்ல. திறப்பதும் மூடுவதும் யார் கையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து, அதே ஜன்னல் ஒருவருக்கு உலகமாகவும் இன்னொருவருக்குக் கம்பியாகவும் ஆகிறது. உள்ளிருப்பவர் கையில் தாழ் இருந்தால் அது தனி அறை. வெளியில் இருப்பவர் கையில் இருந்தால் அதே நான்கு சுவர்களும் சிறை. எழுத விரும்பும் பெண்ணுக்கு வேண்டியவை என்று வுல்ஃப் நூலில் சொன்னதை எடுத்துச் சொல்பவர்கள் ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டு பணத்தையும் ஓர் அறையையும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த அறைக் கதவுக்குப் பூட்டு இருக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அது பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

இரண்டாவது கேள்வி, இந்த ஆசை வெளியிலிருந்து வந்ததா என்பது. இங்கே சற்று நிதானமாகப் போக விரும்புகிறேன், ஏனென்றால் நெடுநல்வாடை இந்தப் பொருளைப் பற்றி எனக்குத் தெரிந்த எந்தக் கட்டடக்கலை நூலையும்விடத் துல்லியமாகப் பேசுகிறது. பத்துப்பாட்டில் ஒன்றான அந்தப் பாட்டில் நக்கீரர் அரண்மனையை வெளியிலிருந்து உள்ளே கட்டிக்கொண்டே போகிறார்: நூல் பிடித்து மனை வகுப்பது, நெடுவாயில், முற்றம், கடைசியில் அரசியின் பள்ளியறை. அரசனைத் தவிர வேறு ஆடவர் நெருங்க முடியாத அந்த அறையை அவர் 'கருவொடு பெயரிய' இல்லம் என்கிறார். கோயிலின் கருவறைக்கு நாம் வழங்கும் அதே கரு. கருவறைக்கு ஜன்னல் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு வாயில், ஒரு விளக்கு, அவ்வளவுதான். பருவமோ கூதிர் எனும் குளிர்காலம். வேனிலில் தென்றலைக் கொண்டுவரும் சாளரங்கள் பயனின்றி அடைபட்டுக் கிடக்கின்றன, கதவுகள் தாழிட்டிருக்கின்றன. அரசன் போர்ப்பாசறையில் இருக்கிறான். யானைத் தந்தத்தால் செய்த கட்டிலில் படுத்திருக்கும் அரசிக்குப் பார்க்க வெளியே ஏதும் இல்லை. அவள் தலைக்குமேல் மெழுகு பூசிய விதானத் துணியில் வானம் வரைந்திருக்கிறது. மேடம் முதலான இராசிகளும், திங்களும், திங்களை விட்டுப் பிரியாத உரோகிணியும் அதில் இருக்கிறார்கள். அவள் அந்த உரோகிணியைப் பார்த்து நெடுமூச்செறிகிறாள்.

ஜன்னல் அடைபட்ட அறையில் ஓர் ஓவியம் ஜன்னலாகிறது. இத்தாலியில் ஆல்பெர்ட்டி என்ற கட்டடக் கலைஞர் 1435இல், ஓவியம் திறந்த ஜன்னலைப் போன்றது என்று எழுதியதையே ஐரோப்பியக் கலைவரலாறு இந்தப் பொருளுக்குத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய நம் பாட்டு அந்தக் கருத்தை எடுத்துரைக்கவில்லை, ஒரு பெண்ணைப் படுக்கவைத்து அண்ணாந்து பார்க்கச் செய்கிறது. உங்கள் மாணவர்களுக்கு ஜன்னலும் ஓவியமும் என்று பாடம் எடுக்க நேர்ந்தால் இங்கிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இதைக் காட்டி, நம்மிடம் எல்லாமே இருந்தது என்று நான் பெருமைகொள்ள மாட்டேன். அந்த அறை அரசிக்குரியது. அகப்பாடல்களில் வரும் மற்றப் பெண்களுக்கு வீட்டின் உட்புறம் என்பது பெரும்பாலும் இற்செறிப்பு. காதல் தெரியவந்ததும் தாய் மகளை வீட்டுக்குள் இருத்திவிடுவாள். அங்கே தாழ் தாயின் கையில். முத்தொள்ளாயிரத்தில் ஒரு வெண்பா இருக்கிறது. சேரன் தெருவில் உலா வரும்போது தாய்மார் கதவை அடைக்கிறார்கள், பெண்கள் திறக்கிறார்கள், அடைத்தும் திறந்தும் கதவின் குடுமியே தேய்ந்துவிட்டது என்கிறது. கீலுக்கு முந்திய காலத்துக் கதவுகள் மேலும் கீழும் இந்தக் குடுமியில்தான் சுழன்றன. நான் கையில் எடுத்துப் பார்த்த பழங்கதவுக் குடுமிகள் ஒருபக்கமாகத் தேய்ந்து சப்பையாகியிருந்தன. அந்தப் புலவர் ஒரு தச்சர் கண்ணோடு கதவைப் பார்த்திருக்கிறார். தாழ் யார் கையில் என்ற சண்டை அவ்வளவு பழையது. ஆகவே உங்கள் ஆசை இறக்குமதி அல்ல. அதைத் தடுப்பதும் இறக்குமதி அல்ல.

இந்த நாட்டுக்கு வந்த தமிழருக்கு அந்தச் சண்டை போடவும் இடம் இருக்கவில்லை. பினாங்கு ஸ்திரீட்டில் வட்டித்தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகளில், நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு பாயும் ஒரு பெட்டியும். தொழில், கணக்கு, உறக்கம் எல்லாம் அங்கேயே. தொழில் பழகவந்த சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்றே பெயர். பூட்டிய பெட்டியும் அதன் அடியில் இருந்த இடமுமே அவர்களுக்கு உரிய தனியிடம். லீத் ஸ்திரீட்டில் சீன வணிகர் சியோங் ஃபாட் சீ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத்தொடங்கிய நீல மாளிகைக்கு 38 அறைகளும் 220 ஜன்னல்களும் உண்டு. அங்கிருந்து நடக்கும் தொலைவில், ஒரே கடைவீட்டு மேல்மாடியைப் பலகைத் தடுப்புகளால் ஏழெட்டாகப் பிரித்து, ஜன்னலே இல்லாத நடுத்தடுப்புகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வந்தபோது அவர்களில் பலர் வெளியேறினார்கள். காலியான வீடுகள் சிலவற்றில் ஜன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, சிறு குழாய்த் துளைகளை மட்டும் விட்டு, உணவுக்காகக் கூடுகளை விற்கும் பறவைக்கூட்டுத் தொழில் நடத்தினார்கள். அப்படி அடைபட்ட ஜன்னல்களை மீண்டும் திறக்கும் வேலையில் நானும் இருந்திருக்கிறேன். முதல் செங்கல் விழுந்து வெளிச்சம் உள்ளே பாயும்போது, சுவரில் பழைய தடுப்புப் பலகைகளின் கோடுகள் தெரியும். எந்தக் குடும்பத்துக்கு எத்தனை அடி இருந்தது என்று அளந்துவிடலாம்.

நான் பிறந்தது செபராங் பிறையில் ஒரு தோட்டத்து லயத்தில். தடுப்புச் சுவர் கூரைவரை போகாது, அடுத்த வீட்டு இருமல் நம் வீட்டு இருமல். அக்காள் பரீட்சைக்குப் படித்த ஆண்டில் அம்மா தம் பழைய சேலையை மூலையில் குறுக்கே கட்டி, "உள்ளே அக்கா இருக்கிறாள், கூப்பிடாமல் போகாதீர்கள்" என்று எங்களிடம் சொல்லிவிட்டார். சேலைக்குத் தாழ்ப்பாள் ஏது? அம்மாவின் அந்தச் சொல்தான் தாழ்ப்பாள். எட்டுப் பேர் வாழ்ந்த அந்த வீட்டில் அதை ஒருவரும் மீறவில்லை. இதை நான் நெகிழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. தனி அறை என்பது முதலில் ஓர் ஒப்பந்தம், சுவர் அதற்குப் பிறகுதான் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று அது.

ஓவியங்களுக்கு வருகிறேன். டச்சு ஓவியர் வெர்மீர் 1657க்கும் 1659க்கும் இடையில் வரைந்ததாகக் கருதப்படும், திறந்த ஜன்னலருகே கடிதம் படிக்கும் பெண்ணின் ஓவியம் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கிறது, அதன் கண்ணாடியில் அவள் முகம் நிழலாடுகிறது, ஆனால் அவள் வெளியே பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்த சுவர் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையில் மௌனத்தையும் தனிமையையும் கண்டு எழுதியவர்கள் பலர். 1979இல் எக்ஸ்ரே எடுத்தபோது, சுவரில் மன்மதனைப் போன்ற கியூபிட்டின் படம் ஒன்று சாயத்துக்கு அடியில் மறைந்திருப்பது தெரிந்தது. வெர்மீரே மனம் மாறி மறைத்திருப்பார் என்று நினைத்தார்கள். பின்னர் நடந்த ஆய்வில், மேற்பூச்சு அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் பூசியது என்று உறுதியாயிற்று. பூச்சை முழுவதும் நீக்கி 2021இல் காட்சிக்கு வைத்தார்கள். இப்போது அவள் தலைக்குப் பின்னால் காதல் கடவுள் நிற்கிறான். தனிமையின் படமாக இருந்தது காதலின் படமாகிவிட்டது. பெண் மாறவில்லை, ஜன்னல் மாறவில்லை. "தனி அறை என்றால் தனிமை" என்று குறித்துக்கொள்ளும்போது இந்தச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழாவது சட்டத்தைப் பார்த்து என் தச்சர் கதை கட்டியதும் இப்படித்தான்.

இதோடு ஜெர்மானிய ஓவியர் ஃபிரீட்ரிக் 1822இல் வரைந்த, ஜன்னலருகே நிற்கும் பெண்ணின் ஓவியத்தை வைத்துப் பாருங்கள். அது டிரெஸ்டனில் எல்ப ஆற்றங்கரையில் இருந்த அவருடைய சொந்த ஓவிய அறை. முதுகு காட்டி நிற்பது அவர் மனைவி கரோலின். ஜன்னலின் கீழ்ப்பகுதி மரக்கதவால் அடைத்திருக்க, நடுவில் ஒரு சிறு கதவு மட்டும் திறந்திருக்கிறது. அதன் வழியே அவர் பார்க்கிறார், நமக்குப் படகின் பாய்மரம் தெரிகிறது. ஏக்கம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள், மறுக்கமாட்டேன். என் கண்ணுக்கு முதலில் படுவது வேறு: அது கணவர் வேலை செய்யும் அறை, மனைவி அதற்குள் வந்து தமக்கு வேண்டிய அளவு ஜன்னலுக்கு முன் நிற்கிறார். இது என் வாசிப்பு மட்டுமே. உள்ளூரிலேயே பார்க்க வேண்டுமென்றால் மூன்ட்ரி ஸ்திரீட்டுக்கு வாருங்கள். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரெவிச் 2012இல் அங்கே ஒரு சுவர் முழுக்க நீல உடைச் சிறுமி ஒருத்தியை வரைந்தார். அவள் இரண்டு ஜன்னல்களின் மேல்மறைப்பில் கையூன்றி எழுகிறாள். அவள் வரைந்தவள், ஜன்னல்கள் உண்மையானவை. பெண் உள்ளேயும் ஜன்னல் வழியே உலகமுமாக எத்தனையோ படங்கள் இருக்க, இங்கே பெண் வெளியே இருக்கிறாள், ஜன்னல் அவளுக்குப் பிடிமானம்.

இனி உங்கள் அறை. நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள், வாழும் அறை ஒவ்வொன்றுக்கும் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத ஜன்னலும், 5 விழுக்காட்டுக்குக் குறையாத தடையற்ற காற்றுவழியும் வேண்டும் என்கின்றன.  சட்டம் காற்றையும் வெளிச்சத்தையும் அளக்கிறது, பார்வையை அளப்பதில்லை. ஆகவே நடைபாதையைப் பார்த்த ஜன்னல் உள்ள அடுக்குமாடி வீடுகளில், போகிறவர் வருகிறவர் கண்ணுக்கு அஞ்சி எல்லாரும் தடித்த திரையைப் போட்டு நிரந்தரமாக மூடிவிடுகிறார்கள். சட்டம் கொடுத்த காற்றைத் திரை எடுத்துக்கொள்கிறது. உங்களுடையதும் அப்படிப்பட்ட ஜன்னல் என்று எழுதியிருக்கிறீர்கள். முழுத்திரையை எடுத்துவிடுங்கள். ஜன்னலின் கீழ்ப்பகுதியில், தரையிலிருந்து ஐந்தரை அடி உயரம்வரை மட்டும், குறுக்குக் கம்பியில் வெள்ளைப் பருத்தித் திரை போடுங்கள். அதற்குமேல் உள்ள நாக்கோ கண்ணாடிகளை, அதாவது சட்டங்கள்போல் சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைகளை, எப்போதும் திறந்தே வையுங்கள். சூடான காற்று மேல்வழியாகத்தான் வெளியேறும், நடந்து போகிறவர் கண் அந்த உயரத்துக்கு எட்டாது, பருத்தி வழியே வரும் வெளிச்சம் வரைவதற்கு நல்லது. வலக்கையால் வரைகிறீர்கள் என்றால் ஜன்னல் உங்கள் இடப்பக்கம் வரும்படி அமருங்கள், கையின் நிழல் தாளில் விழாது. வெர்மீரின் உள்ளறைப் படங்கள் பலவற்றில் வெளிச்சம் இடமிருந்தே வருகிறது.

சுயநலமா என்ற கேள்விக்கு, தொழில்முறையில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நான் அளந்த எந்த வீட்டிலும், எவ்வளவு ஏழை வீடானாலும், யாரோ ஒருவர் தமக்கென ஒரு மூலையை எப்படியோ உண்டாக்கியிருக்கிறார்: ஒரு பூட்டிய பெட்டி, ஒரு சேலைத் திரை, தேய்ந்துபோன ஒரு சட்டம். எல்லா வீட்டிலும் காணப்படும் ஒன்றைக் குற்றம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அதற்குமேல் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். ஆனால் அந்த அறையில் நால்வர் இருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் பாட்டிக்கும் தம் வாழ்நாளில் ஒரு மணி நேரம்கூடத் தாழிட்ட அறை கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். கதவில் உட்புறம் ஒரு சிறிய தாழ்ப்பாள் பொருத்துங்கள். வயதானவர் உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்தும் நாணயத்தால் திருகித் திறக்கக்கூடிய வகை இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும், அதையே வாங்குங்கள். பிறகு ஒரு தாளில் நாளுக்கு ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்று நால்வர் பெயரையும் எழுதி, முதல் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பாட்டிக்குக் கொடுங்கள். அவர் எந்த நேரத்தைக் கேட்டார் என்பதை முடிந்தால் இங்கே வந்து எழுதுங்கள்.